உப்புவாசல் அகலமான விதம்

உப்புவாசல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிழக்கு மேற்காக மூன்று மடங்கு அகலமாகிவிட்டது. வடக்கு தெற்காக ஒரு விரற்கடைகூட மாறவில்லை, உயரத்திலும் மாற்றமில்லை, தென்னை தென்னையின் உயரத்திலேயே நின்றது, மட்டைகள் மட்டும் கிழக்கிலும் மேற்கிலும் நீண்டு வடக்கிலும் தெற்கிலும் பழையபடியே தொங்கின. முதலில் பார்த்தவர் இட்லிக்கடை ராசமாணிக்கம். தட்டில் இருந்த இட்லிகள் எல்லாம் படகு மாதிரி நீண்டு கிடந்தன, தட்டைத் திருப்பி வைத்தாலும் இட்லி தன் நீளத்தை விடாமல் கிழக்கு மேற்காகவே படுத்துக்கொண்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கரும்பலகையை எடுத்து விலையை ஏற்றி எழுதினார். ஓர் அதிசயத்துக்கு எங்கள் ஊர் செய்த முதல் மரியாதை அது.

அகலமானதற்குக் காரணம் ஒரு படம். உப்புவாசல் கடலுக்கும் ஒரு மணல்மேட்டுக்கும் நடுவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒல்லியான ஊர், யாரோ கடித்துவிட்டுப் போட்ட முருங்கைக்காய் மாதிரி. கடலை ஒட்டிக் கீழத்தெரு, அதற்கு மேற்கே நடுத்தெரு, அதற்கும் மேற்கே மேலத்தெரு, அதன் முதுகுக்குப் பின்னால் யாரும் குடியிருக்காத புறம்போக்கு மேடு. கீழத்தெருவில் மீன் பிடிக்கிறவர்கள், நடுத்தெருவில் கடை வைத்திருப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும், மேலத்தெருவில் நிலமும் நெல்மில்லும் பேரூராட்சித் தலைவர் பதவியும் வைத்திருப்பவர்கள். எங்கள் பேச்சில் ‘கிழக்கே’ என்றால் கீழத்தெரு ஆட்கள், ‘மேற்கே’ என்றால் மேலத்தெரு ஆட்கள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லும்போதுகூட மேலத்தெருப் பிள்ளைகள் சிலர் அதை ஒரு சலுகை போலத்தான் எழுதிக்கொள்வார்கள்.

இந்த ஊரில் புயல் அடித்தால் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு கம்பெனிக்கு அரசாங்கம் வேலை கொடுத்திருந்தது. கம்பெனி என்றால் நெல்மில் மாடியில் இரண்டு கம்ப்யூட்டரும், ஒரு சுழல் நாற்காலியும், அதில் சுழல்வதற்கு மெய்யப்பன் என்று ஒருவரும். வேலையைச் செய்தது நடுத்தெரு வேன் டிரைவர் நடேசனின் மகள் தையல்நாயகி, ஊர் வாயில் தையல். பொறியியல் படித்தவள், பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் மூன்று தடவை காதைக் கொடுக்க வேண்டிய அளவுக்குச் சின்னக் குரல். ஊரைச் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எப்படி ஏறும், பக்கத்துக் கட்டத்துக்கு எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு புயலை அடிக்கவைத்துப் பார்த்தாள். வந்த விடையை வண்ணப் படமாகப் போட்டாள். கீழத்தெரு சிவப்பு, அதாவது ஆள் முழுகும் தண்ணீர். நடுத்தெரு மஞ்சள், இடுப்பளவு. மேலத்தெரு பச்சை, முழங்காலளவு. மேடு மட்டும் எந்த நிறமும் ஒட்டாமல் கிடந்தது.

படத்தைப் பார்த்த கலெக்டர் ஆபீஸ், ஐப்பசி மழைக்குள் கீழத்தெருவை மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று எழுதியது. மேட்டில் மனைகளுக்குச் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. கீழத்தெருவிலேயே கடைசி வீடு, கடலுக்கு முதல் வீடு, காத்தாயியுடையது. அவள் புருஷன் வீரையனுக்கு ஒரு பக்கம் விழுந்துபோய், கயிற்றுக் கட்டிலோடு கிடக்கிறார். தண்ணீர் வந்தால் ஓடலாம் என்பது கால் உள்ளவர்களுக்குச் சொல்கிற வார்த்தை, நாங்கள் தண்ணீருக்கு முன்னாடியே போயாக வேண்டும் என்று காத்தாயி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலத்தெருவுக்கோ வேறு கவலை. கீழத்தெரு ஆட்கள் பக்கத்தில் வருவதையாவது ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம், மேட்டில் ஏறி நின்று நம் வீட்டுக் கொல்லையை மேலேயிருந்து பார்ப்பார்களே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது.

இந்த நேரத்தில்தான் படத்தை பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸாக வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் இரும்புச் சட்டம் அகலமானது, பிறந்தநாள் வாழ்த்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது. தையல் போட்ட படமோ நெட்டுக்குத்தாக, ஒல்லியாக, ஊர் எப்படியோ அப்படி. அதை அந்தச் சட்டத்தில் வைத்தால் நடுவில் ஒரு கோடு மாதிரி ஊரும் இரண்டு பக்கமும் வெள்ளையும்தான் இருக்கும். பேரூராட்சித் தலைவர் கோதண்டபாணி அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நம் ஊர் என்ன நோயாளியா இப்படி இளைத்துக் கிடப்பதற்கு, வெள்ளையாக விட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்காதா என்று கேட்டார். அந்தப் பச்சை நிறம் மட்டும் நன்றாக இருக்கிறது, நம் தெரு பசுமையாக இருப்பதைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டவும் செய்தார். பச்சை என்றால் முழங்கால் தண்ணீர் என்று தையல் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

மெய்யப்பன் அவளிடம் அதை ஆட்டோவில் போட்டுவிடச் சொன்னார். படம் வரைகிற மென்பொருளில் அப்படி ஒரு வார்த்தை உண்டு. அதைக் கொடுத்தால் படம் நம் ஊர் ஆட்டோ மாதிரியேதான் நடந்துகொள்ளும், எங்கே இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் நுழைந்து நிரப்பிக்கொள்ளும், எது யார்மேல் இடித்தது என்று திரும்பிப் பார்க்காது. அதற்கு எதிர்வார்த்தை ஈக்வல். அதைக் கொடுத்தால் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டருக்குப் படத்தில் எவ்வளவு இடமோ வடக்கு தெற்காக ஒரு கிலோமீட்டருக்கும் அவ்வளவே இடம், அதற்காக எவ்வளவு வெள்ளை விட்டாலும் சரி. தூரம் பொய்யாகிவிடும் சார் என்று தையல் சொன்னாள். படம்தானேம்மா, நிஜமாகவா இழுக்கிறோம் என்று அவர் சுழன்றுகொண்டார். அவள் போட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஃபிளெக்ஸைக் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஊர், படம் எப்படியோ அப்படி ஆகியிருந்தது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர் நினைத்தது. ஃபிளெக்ஸில் வந்த எதைத்தான் அதற்கு முன்பு எங்கள் ஊர் நம்பாமல் இருந்தது.

மூன்று நாளுக்குள் எல்லோருக்கும் அகலம் பழகிவிட்டது. வடக்கு பார்த்து நின்றால் தோள் மூன்று மடங்கு விரியும், கிழக்கு பார்த்து நின்றால் தோள் பழையபடி ஆகி மூக்கும் தொப்பையும் முன்னால் நீளும் என்பதைக் கண்டுபிடித்ததும், மேலத்தெரு ஆண்கள் எல்லோரும் வடக்கு பார்த்தே நிற்க ஆரம்பித்தார்கள். வடக்கு பார்த்தே பேசினார்கள், வடக்கு பார்த்தே கோபப்பட்டார்கள், எதிரில் இருப்பவர் தெற்கே நின்றால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வணக்கம் சொன்னார்கள். தலைவர் தன் நாற்காலியை வடக்கு பார்த்துப் போட்டுக்கொண்டார், அகன்ற தோளுக்குத் தோதாக இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார், துண்டும் வடக்கு பார்த்தால் தானாகவே அகலமாகிறது என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. பெண் பார்க்க வந்தால் பெண் கிழக்கு பார்த்து நின்றாள், அப்போதுதான் முன்னால் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒல்லியாகத் தெரிவாள். மாப்பிள்ளை மார்பைக் காட்ட வடக்கு பார்த்து உட்கார்ந்தான். ஆகவே அந்த மாதத்தில் நிச்சயமான கல்யாணங்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே நிச்சயமாயின, அதனாலேயோ என்னவோ எதிலும் தகராறு வரவில்லை.

வாஸ்துக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கினார். எல்லையைத் தாண்டி உள்ளே வரும் பஸ், மேற்கேயிருந்து வந்தால் ரயில் மாதிரி நீண்டது, திருப்பத்தில் வடக்கே திரும்பும்போது நீளம் சுருங்கி அகன்றது, உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்தே நீண்டு சேர்ந்தே அகன்றார்கள். கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்வதில் எந்த மாற்றமும் இல்லை. சர்வேயர் வந்து டேப்பை இழுத்துப் பார்த்தார். டேப்பும் கிழக்கு மேற்காக மூன்று மடங்கு நீண்டுகொண்டதால் அளவு பழைய அளவேதான் வந்தது. பத்திரத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, வரியையும் ஏற்ற முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணுக்கு மூன்று மடங்கு, வரிக்கு ஒரு மடங்கு. இதைவிடப் பெரிய வரத்தை எந்தச் சாமியும் கொடுத்ததில்லை என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் மேலத்தெருவின் உண்மையான சந்தோஷம் இதெல்லாம் இல்லை. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் இருந்த சந்து மூன்று மடங்கு நீண்டு, கீழத்தெரு கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அதுதான். காலையில் வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்து, மூக்கை உறிஞ்சி, மீன் வாடையே வருவதில்லை பார்த்தீர்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வாடை எப்போதும் போல வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று மடங்கு நீண்ட மூக்குகளை வைத்துக்கொண்டு அதை இல்லையென்று சொல்வதற்கு ஒரு தனி மனப்பயிற்சி வேண்டும், அது எங்கள் ஊரில் தாராளமாக உண்டு.

கீழத்தெரு இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. காத்தாயி மேலத்தெருவில் மீன் விற்கும்போது பலகையைக் கிழக்கு மேற்காகப் போட்டு, மீனையும் அப்படியே கிடத்தினாள். வாங்க வந்தவர்கள் மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்கள்.

“வடக்க பாத்து வச்சா நெத்திலி, கெழக்க பாத்து வச்சா வஞ்சிரம். எந்தப் பக்கத்துக்கு வெல சொல்லணும், சொல்லுங்க” என்று கேட்டாள் காத்தாயி. “நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்களோ நானும் அந்தப் பக்கம்தான் மீன வைக்கிறேன்.”

ஐப்பசி நெருங்கியபோது பேரூராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஊர் அகலமாகிவிட்டது, கடல் மூன்று மடங்கு தள்ளிப் போய்விட்டது, ஆகவே கீழத்தெருவை மேட்டுக்கு மாற்ற வேண்டிய அவசியம் இப்போது இல்லை. எல்லோரும் வடக்கு பார்த்து உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள். மேட்டில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளை அடுத்த மழை கரைத்தது. யாரும் திரும்பப் போடவில்லை. மேட்டுக்குப் போகும் வழியில் ஒரு சங்கிலியைக் குறுக்கே கட்டி, தலையாரியை உட்காரவைத்தார்கள்.

காத்தாயி நெல்மில் மாடிக்கு வந்தாள். மீன்கூடையை வெளியே இறக்கிவைத்துவிட்டு, மெய்யப்பன் இல்லாத நேரம் பார்த்து, தையலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கடல் நிஜமாகவே தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டாள். அப்படிப் போயிருந்தால் நல்லதுதான், நான் ஏன் மேலத்தெருக்காரன் மூஞ்சியில் விழிக்க வேண்டும் என்றாள்.

தையல் நேராகப் பதில் சொல்லாமல், வீட்டிலிருந்து மேலத்தெரு வருவதற்குள் அக்கா எத்தனை வெற்றிலை போடுவீர்கள் என்று கேட்டாள்.

“ஒண்ணுதான். கீழத்தெரு தாண்டறப்போ மடிச்சு வாயில போட்டா மேலத்தெரு மொனையில துப்புவேன். அங்க துப்புறதுல ஒரு திருப்தி.”

“இப்போ?”

காத்தாயி யோசித்தாள். வெற்றிலையை வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினாள்.

“அட, இப்பவும் ஒண்ணுதாண்டி.”

சந்து நீண்டபோது நம் காலும் சேர்ந்து நீண்டது, ஒவ்வோர் எட்டும் நீண்டது, அதனால் நேரம் மாறவில்லை என்று தையல் சொன்னாள். தண்ணீருக்கும் அப்படித்தான், அலையும் கிழக்கு மேற்காக நீண்டுதான் வரும், முன்பு எவ்வளவு நேரத்தில் உங்கள் வாசலுக்கு வருமோ அவ்வளவு நேரத்தில்தான் இப்போதும் வரும், அதே உயரத்துக்கு. காத்தாயி வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். பிறகு, அப்போ எங்க ஊட்டு ஆளு, என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அந்த வாக்கியம் போகவில்லை.

தையல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது இதற்காகத்தான். பேரூராட்சி மண்டபத்தில், குறைகேட்பு நாளில், தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பிறகு அவள் எழுந்து நின்றாள். காகிதம் எதுவும் கையில் இல்லை. மைக்கைக் கொடுத்தார்கள், அந்த மைக் ஊரில் எல்லாவற்றையும் போலப் பாதிச் சொல்லை விழுங்குகிற மைக். அவள் சொன்னதில் வெளியே வந்தது இது:

“பஸ் ஸ்டாண்டுல இருக்கிற படம் தப்பு. அதுல ரெண்டு அச்சும் சமமா இல்ல. கிழக்கு மேற்கு சமமா இருக்கணும். அப்பதான் ஊர் நெசமா இருக்கும்.”

அவள் சொல்ல வந்தது படத்தின் இரண்டு அச்சுகளை. கிழக்கு மேற்கு அச்சில் ஓர் அடியும் வடக்கு தெற்கு அச்சில் ஓர் அடியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதை. வடக்கு தெற்கை மைக் விழுங்கிவிட்டது. மண்டபம் கேட்டது வேறு. அச்சு என்பதைக் கேட்ட பிரிண்டிங் பிரஸ் முதலாளி, ஃபிளெக்ஸ் ஆர்டரில் அடுத்த தெரு பிரஸ்ஸுக்கும் சமமாகப் பங்கு கேட்கிறாள் என்று எழுந்தார். மற்றவர்கள் அவரை உட்காரவைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் கேட்டது அதைவிட மோசமானது. கிழக்கும் மேற்கும் சமம். எங்கள் ஊரில் நூறு வருஷத்தில் யாரும் மைக்கில் சொல்லாத வாக்கியத்தை, டிக்கெட் கேட்கக் குரல் இல்லாத பெண் சொல்லிவிட்டாள்.

இல்லை, நான் சொன்னது அச்சு, என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. அதை அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்கியதற்குக் காரணம், தான் சொன்ன வாக்கியம் அவர்கள் கேட்ட விதத்திலும் சரியாகவே இருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியதுதான்.

பிறகு நடந்ததை மரியாதையாகச் சொல்வது கஷ்டம். படித்த திமிர் என்றார்கள். கிழக்கே யார்கிட்ட மீன் வாங்குகிறாள் என்று விசாரித்தார்கள். ஒருவர் ஊர் ஒற்றுமை என்று ஆரம்பித்து வடக்கு பார்த்து அரைமணி நேரம் அழுதார். நடேசனைக் கூப்பிட்டனுப்பி, மேலத்தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் வேன் அவர் கையில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் மகளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லும்படி தலைவர் அன்பாக எடுத்துச் சொன்னார்.

நடேசன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நீ சொன்னது கணக்கா, அரசியலா என்று கேட்டார். கணக்குப்பா என்றாள். அப்போ சரி, கணக்கை மாத்தாதே, வாயை மட்டும் திறக்காதே என்றார். நடுத்தெருவில் வீரம் இவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் அது அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

ஊர் அகலமானதைக் கொண்டாட ‘விரிவு விழா’ என்று ஒன்றை வைத்தார்கள். எம்.எல்.ஏ. வருவதாக இருந்தது. புதிய ஃபிளெக்ஸ் வேண்டும், ஊர் இந்தத் தடவை ஐந்து மடங்கு அகலமாக இருக்க வேண்டும், பழையதைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் கட்டித் துணி போட்டு மூடிவைக்க வேண்டும், விழாவில் தலைவர் கயிற்றை இழுத்துத் திறப்பார். ஐந்து மடங்கு ஆனால் கீழத்தெரு அடுத்த தாலுகாவுக்கே போய்விடும் என்று மேலத்தெருவில் ஒருவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அது சாத்தியமா என்று மெய்யப்பனிடம் தனியாகவும் விசாரித்தார்கள்.

வேலை தையலின் மேஜைக்கு வந்தது. சாயங்கால வெயில் நெல்மில் தூசியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நிரலைத் திறந்து, ஆட்டோ என்று இருந்த இடத்தில் அந்த வார்த்தையை அழித்துவிட்டு ஈக்வல் என்று அடித்தாள். வேறு எதையும் தொடவில்லை. படம் உடனே வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, பழைய ஒல்லி உடம்போடு நடுவில் வந்து நின்றது, இரண்டு பக்கமும் வெள்ளை. அதை மெய்யப்பனின் போனுக்கு அனுப்பினாள்.

மெய்யப்பன் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். இடது கையில் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு படத்தைத் திறந்தார். வெள்ளையான இடம் தன்னை வெள்ளை என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர் இரண்டு விரலால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியதும், ஒல்லியான படம் ஒல்லியான திரையை மேலிருந்து கீழ்வரை, ஓரத்திலிருந்து ஓரம்வரை அழகாக நிரப்பிக்கொண்டது. முழுசா இருக்கு, ஓகே, என்று பதில் போட்டுவிட்டு அவர் பாயசத்துக்குத் திரும்பினார். பிரஸ்காரர் வந்ததை அப்படியே அடித்தார், அவர் எதையும் பார்த்து அடிப்பவர் அல்ல.

தையல் மறுநாள் காத்தாயியை மீன் வாங்குவது போலப் போய்ப் பார்த்தாள்.

“விழா அன்னிக்குப் புயல் கரைக்கு வரும் போலத் தெரியுது. அன்னிக்கு மத்தியானமே மாமாவோட கட்டில்ல கயிறு கட்டி, தூக்குறதுக்கு நாலு பேர நிறுத்தி வச்சிருங்கக்கா. தெருவுக்கே சொல்லிருங்க.”

“சங்கிலி கட்டியிருக்கான். தலையாரி உக்காந்திருக்கான். ஏறினா என்னிக்காவது கெடைக்கிற மனையும் போயிடும், போலீசும் வரும். என்னாத்துக்கு ஏறச் சொல்ற?”

“ஏற வேணாம். ஊர் சுருங்கினதும் ஏறுங்க. அப்போ தடுக்க வேண்டிய ஆளுங்க எல்லாரும் உங்களுக்குப் பின்னாடிதான் ஓடி வருவாங்க.”

காத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு சங்கரா மீனை எடுத்து, வடக்கு தெற்காகவே வைத்து, காசு வாங்காமல் பையில் போட்டாள்.

விழா நாளில் காலையிலிருந்தே வானம் ஒரு மாதிரி இருந்தது. ரேடியோவில் புயல் என்றார்கள். எம்.எல்.ஏ. வரவில்லை, வாழ்த்துச் செய்தி வந்தது. கடல் நமக்கு எங்கேயோ இருக்கிறது, நம் அகலத்தைத் தாண்டி அது வருவதற்குள் புயலே ஓய்ந்துவிடும் என்று தலைவர் மைக்கில் சொன்னார், கைதட்டினார்கள். நாதஸ்வரத்தை வாசிப்பவர் கிழக்கு பார்த்து நீட்டியபோது அதன் முனை பந்தலுக்கு வெளியே போய் மழையில் நனைந்தது. தலைவர் வடக்கு பார்த்து நின்று, அகன்ற தோளைச் சிலிர்த்துக்கொண்டு, கயிற்றை இழுத்தார்.

துணி விழுந்தது. அகன்ற சட்டத்தின் நடுவில் ஒரு கோடு. முருங்கைக்காய் மாதிரி, ஒல்லியாக, தன் அளவில், உப்புவாசல். இரண்டு பக்கமும் வெள்ளை.

யாரும் கத்தவில்லை. அதற்குள் தோள்கள் உள்ளே போய்விட்டன. மூக்குகள் முகத்துக்குத் திரும்பின, இட்லிகள் வட்டமாயின, நாதஸ்வரம் பந்தலுக்குள் வந்தது, மேலத்தெருவும் நடுத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றின்மேல் ஒன்று இடிக்காத குறையாக நெருங்கி வந்து நின்றன. சந்தின் அந்த முனையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், கடல் இருந்தது. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. கறுத்து, எழும்பி, கீழத்தெருப் படகுகளை ஏற்கனவே மணலிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் வராத மீன் வாடை எல்லோருக்கும் ஒரே மூச்சில் வந்தது.

அப்போது எங்கள் ஊர் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். வடக்கு பார்த்து ஓடவில்லை, மேற்கே மேட்டைப் பார்த்து ஓடியது. வாஸ்துக்காரர் எந்தத் திசை என்று யாரையும் கேட்காமல் முன்னால் ஓடினார். தலையாரி சங்கிலியை அவிழ்க்க நேரமில்லாமல் தாண்டி ஓடினார். ஆனால் எல்லோருக்கும் முன்னால், கயிறு கட்டித் தயாராக நின்ற ஒரு கட்டிலை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, மேலத்தெருவின் நடுவிலேயே, யாரும் தடுக்காமல் போனார்கள். கட்டிலுக்குப் பின்னால் காத்தாயி, அவளுக்குப் பின்னால் கீழத்தெரு முழுவதும். மேலத்தெரு முனையில் அவள் நின்று வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் போனாள், அவ்வளவு அவசரத்திலும்.

தண்ணீர் படத்தைப் பார்த்து வந்தது போலவே வந்தது. கீழத்தெருவில் ஆள் முழுகும் அளவு, நடுத்தெருவில் இடுப்பளவு, மேலத்தெருவில் முழங்காலளவு. தலைவர் வீட்டுப் பச்சைப் பசுமைக்குள் ஒரு படகு வந்து நின்றது. காத்தாயியின் வீடு இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குள் யாரும் இல்லை.

மேடு சின்ன மேடு. நடுவில் வீரையனின் கட்டில், அதைச் சுற்றிக் கீழத்தெரு, அதற்கு வெளியே நெருக்கிக்கொண்டு நடுத்தெரு, விளிம்பில், ஒரு கால் சரிவில் வழுக்க, தாமதமாக வந்த மேலத்தெரு. கோதண்டபாணி எப்படியோ நெளிந்து நெளிந்து உள்ளே வந்து, முழங்கை வீரையனின் கட்டில் காலில் இடிக்க, தையலின் பக்கத்தில் சேர்ந்தார். மழை மூக்கிலிருந்து சொட்டியது. மூக்கு இப்போது சாதாரண மூக்கு. அவர் குரலைத் தாழ்த்தினார். அவள் குரலைவிடச் சின்னக் குரல் ஊரில் இன்னொன்று உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஏம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்குக் கரண்டு வந்ததும், இந்த மேட்டை மட்டும் கொஞ்சம் அகலமா இழுத்துவிட முடியுமா? நம்ம ஆளுங்க கொஞ்சம் தள்ளி உக்காரலாம்.”

தையல் யோசித்துப் பார்த்தாள். அது நியாயமான தொழில்நுட்பக் கேள்விதான்.

“இழுக்கலாம் ஐயா. ஆளுங்களும் சேர்ந்துதான் அகலமாவாங்க. இப்ப இடிக்கிற மாதிரியேதான் அப்பவும் இடிக்கும்.”

கட்டிலில் கிடந்த வீரையன் தன் நல்ல பாதி வாயால் சிரித்தார். காத்தாயி புருஷனின் போர்வையைச் சரிசெய்துகொண்டே, கட்டில் காலை மிதிக்காமல் நிற்கும்படி தலைவரிடம் சொன்னாள். மேலத்தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பழக்கதோஷத்தில் மார்பை நிமிர்த்தி வடக்குப் பக்கம் திரும்பி நின்று பார்த்தார். ஒன்றும் அகலமாகவில்லை.